உண்மையாகவே எலி விஷம்

வேலையில் இருந்த காலம் முழுக்க நான் மண்டையோட்டுப் படம் மாட்டியவன். மின்சார ஆபீசில் லைன் இன்ஸ்பெக்டர். குழித்துறையைச் சுற்றியுள்ள டிரான்ஸ்பார்மர்களில், குறுக்கே இரண்டு எலும்பு வைத்து ‘அபாயம்’ என்று எழுதிய தகரம் தொங்குமே, அவற்றில் பாதி நான் கீழே நின்று, “இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுலே” என்று சத்தம் போட்டு மாட்ட வைத்தவை. படித்தவன், படிக்காதவன், ஆடு ஓட்டி வருகிறவன் என்று எல்லோரும் அதைக் கண்டால் ஒதுங்கித்தான் போவார்கள். எழுதியிருப்பதைப் படித்துவிட்டும் நம்பாமல் கையை நீட்டிய ஒரே ஒருவனைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். அவனைத் தினமும் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

என் மனைவி தொடக்கப்பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கரும்பலகைக்கென்றே பிறந்த கையெழுத்து அவளுக்கு. ஒவ்வொரு எழுத்தும் குளித்துத் தலைவாரி வரிசையில் நிற்கும். சமையல்கட்டில் உப்பு, புளி, மல்லி, வத்தல் என்று எல்லா டப்பாவிலும் அந்த எழுத்து ஒட்டியிருக்கும். எனக்குச் சர்க்கரை வியாதி வந்த பிறகு அந்த எழுத்துக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. பொய் சொல்லுவது.

எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொத்து இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. சிறுபயறை வறுத்துத் திரித்து, எள்ளும் தேங்காயும் சேர்த்து, கருப்பட்டிப் பாகு ஊற்றி உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து எடுப்பார்கள். பொரித்தது ஊருக்கு. உருட்டுவதற்கு முன்னால் உதிரியாகக் கிடக்கிறதே அந்தப் பொடி, அதுதான் எனக்கு உயிர். டாக்டர் அதைத் தொடக்கூடாது என்று சொன்ன நாளிலிருந்து அதன் ருசி இரண்டு மடங்காகிவிட்டது.

முதலில் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி இருக்குமிடத்தை நான் கண்டுபிடித்தேன். அடுத்தபடியாக அவள் மாறுவேஷத்தில் இறங்கினாள். அச்சுமுறுக்கு இருந்த டின்னில் ‘எறும்புப் பொடி’ என்று எழுதினாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு, முந்திரிக்கொத்துப் பொடி இருந்த பழைய பிஸ்கட் டின்னில் ‘எலி விஷம்’ என்று ஒட்டினாள். கேரல் பாட வந்த பிள்ளைகளுக்கு அந்த எலி விஷத்திலிருந்து அவள் அள்ளி அள்ளிக் கொடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். மறுநாளிலிருந்து நானும் தினம் ஒரு ஸ்பூன் எலியானேன். எடுத்த பள்ளம் தெரியாதபடி ஸ்பூனின் முதுகால் அழுத்தி நிரவி வைத்துவிடுவேன். சிமெண்ட் பூசுகிற மேஸ்திரி கூட அவ்வளவு சமமாகப் பூச மாட்டான். அவள் எதுவும் கேட்டதில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இந்த முறை கிறிஸ்துமஸ் கழிந்து வீட்டில் உண்மையாகவே எலி வந்தது. இன்வெர்ட்டர் வயரைக் கடித்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் மனைவியின் தம்பிக்கு, அதாவது என் மச்சினனுக்கு, பின்பக்கம் மரச்சீனித் தோட்டம் உண்டு. அங்கே மரவள்ளிக் கிழங்கை எல்லாம் கரண்டிவிட்டு இரவு விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வருகிற எலிகள். அவன் கடையிலிருந்து எலிக்கான பொடி வாங்கி வந்தான். அதை உடைத்த அரிசியில் கலந்து வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மச்சினனுக்கு அது போதவில்லை. “எலிக்கும் நாக்கு உண்டாக்கும் அக்கா” என்று சொல்லி, மிச்சமிருந்த முந்திரிக்கொத்துப் பொடியை வாங்கி, தேங்காய் எண்ணெய் விட்டு, விஷத்தோடு பிசறி, தோட்டத்து வளைகளில் வைத்தான். வைத்தது போக மிஞ்சியதை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் அன்று இரணியலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் இது எதுவும் எனக்குத் தெரியாது. வந்து பார்க்கும்போது ஸ்டோர் ரூம் மேல்தட்டில் அதே பிஸ்கட் டின். அதில் புதிய காகிதம். சிவப்பு மையில், கரும்பலகைக் கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘உண்மையாகவே எலி விஷம்.’

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ‘உண்மையாகவே’ என்று ஒரு டீச்சர் எழுத வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டாள் என்றால் உள்ளே இருப்பது எவ்வளவு நல்ல சரக்காக இருக்கும்!

சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது அவளும் சொன்னாள். “மேல் தட்டுல இருக்க டின்ன தொட்டுராதீங்க, கேட்டியளா? அது நெசமாவே விஷமாக்கும்.”

“ஐயையோ, விஷத்த எவனாவது தொடுவானா?” என்று நான் நெஞ்சில் கைவைத்தேன். கண்ணடித்தேன்.

அவளும் சிரித்துவிட்டாள். நான் எதற்குக் கண்ணடித்தேன் என்று அவளுக்குத் தெரியாது. நான் எதற்கும் கண்ணடிப்பவன். வருஷக்கணக்காக அப்படியே பழகிவிட்டோம்.

திறந்து பார்த்தேன். அதே மணம். எண்ணெய் கொஞ்சம் கூடுதல். அடிநாக்கில் லேசாக ஒரு கசப்பு. பயறு கருகிவிட்டது, இவளுக்கு வயசாகிறது என்று பெருந்தன்மையாக மன்னித்தேன். தினமும் காலையில் அவள் குளிக்கப் போனதும் ஒரு ஸ்பூன். நிரவி மூடிவிட்டு நல்ல பிள்ளையாகப் பேப்பர் படிப்பேன்.

ஒன்றும் ஆகவில்லை. வயிறு வலிக்கவில்லை, வாந்தி இல்லை. அதுதான் அந்த விஷத்தின் குணம் என்று பிறகு சொன்னார்கள். சாப்பிட்டவுடன் அது எதுவும் செய்யாது. உள்ளே போய் உட்கார்ந்து சாவகாசமாக வேலை பார்க்கும்.

ஒரு நாள் பல் தேய்க்கும்போது பிரஷ் சிவப்பாக வந்தது. பிரஷ்ஷை மாற்றினேன். அதுவும் சிவந்தது. வாயைத் திறந்துகொண்டு போய் மனைவியிடம் காட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “காலங்காத்தால தொடங்கியாச்சா?” என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரு ஏப்ரல் முதல் தேதி பீட்ரூட் சாற்றைக் காலில் ஊற்றிக்கொண்டு வெட்டுக்கத்தி பட்டுவிட்டது என்று அலறியவன் நான். அன்றைக்கு அவள் அழுதுவிட்டாள். அதற்கப்புறம் என்னுடைய ரத்தத்துக்கு வீட்டில் மதிப்பில்லை.

பிறகு தொடையில் ஒரு நீலத் திட்டு வந்தது. எங்கேயோ இடித்திருப்போம் என்று விட்டேன். மறுநாள் அது உள்ளங்கை அகலம் ஆனது. அடுத்த காலை மூத்திரம் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போனது. அப்போதும் நான் அவளிடம் ஜோக்காகத்தான் சொன்னேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியாது. “ஏட்டி, உள்ள எவனோ டீக்கடை போட்டிருக்கான்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மூக்கிலிருந்து சட்டையில் சொட்டியது. சொட்டியது நிற்கவில்லை. அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

மச்சினன் காரெடுத்தான். ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை எத்தனை நேரம் அழுத்தினாலும் பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. நர்ஸ் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கிற டெஸ்ட் ஒன்று உண்டு. சாதாரண ஆளுக்கு அந்த எண் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். எனக்கு மெஷின் எண்ணே காட்டவில்லை. ‘என்னால் முடியாது’ என்று கையை விரித்துவிட்டது.

டாக்டர் இளம்பெண். என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாள். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அங்கிள், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களா? ஹார்ட்டுக்கு?”

“இல்ல டாக்டரே. சர்க்கரைக்கு மட்டும்தான்.”

“வீட்ல எலி மருந்து இருக்கா?”

நான் சிரிக்கப் போனேன். அதற்குள் பக்கத்தில் மனைவி, “உண்டு” என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. “உண்டு டாக்டரே. டின்னுல எழுதி ஒட்டியாக்கும் வச்சிருக்கேன். இவங்களுக்கும் தெரியும். நான் வாயாலயும் சொன்னேன்.”

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கசப்பு என் அடிநாக்கில் திரும்ப வந்தது.

“ஏட்டி,” என்றேன். “அது நெசமாவே எலி விஷமா?”

நான் சிரித்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது. ஆனால் என்ன செய்ய, வேறு எதுவும் எனக்கு வரவில்லை. ரத்தம் வழிகிற ஈறைக் காட்டிக்கொண்டு சிரிக்கிற ஒரு கிழவனை அந்த டாக்டர் பெண் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. என் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

உடனே படுக்கவைத்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பை பையாக ஏற்றினார்கள். இன்னொரு கையில் வைட்டமின் கே ஊசியை டிரிப்பில் கலந்து மெதுவாக விட்டார்கள். அவசரமாக விட்டால் ஒத்துக்கொள்ளாமல் போகுமாம், அதனால் ஒரு நர்ஸ் பக்கத்திலேயே நின்றாள். டாக்டர் விளக்கிச் சொன்னாள். ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கைக் கல்லீரல்தான் செய்கிறது. அதைச் செய்ய வைட்டமின் கே வேண்டும். ஒரு முறை பயன்பட்ட வைட்டமினை உடம்பு புதுப்பித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். இந்த விஷம் அந்தப் புதுப்பிக்கிற வேலையை நிறுத்திவிடும்.

“ஃபியூஸ் போனது மாதிரியா?” என்றேன்.

“பவர் ஸ்டேஷனே நின்னுட்ட மாதிரி அங்கிள். நாங்க வெளியிலிருந்து கரண்ட் குடுத்துட்டே இருக்கணும். நின்னா இருட்டு.” டிரிப்பின் வேகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “ஒரு விதத்துல நீங்க அதிர்ஷ்டசாலி. வேற எலி மருந்துகள் இருக்கு, அதுக்கெல்லாம் எங்க கையில மாத்து மருந்து கிடையாது. இதுக்கு உண்டு.”

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “டின்ல எழுதியிருந்ததைப் படிச்சீங்களா?” என்றாள்.

“படிச்சேன்.”

“எலி விஷம்னு எழுதியிருந்துதா?”

“உண்மையாகவே எலி விஷம்னு எழுதியிருந்தது.”

“படிச்சிட்டுத்தான் சாப்பிட்டீங்களா?”

“அப்படி எழுதியிருந்ததாலதான் டாக்டரே சாப்பிட்டேன்.”

இந்த வாக்கியத்தை நான் டாக்டரிடம் சொன்னேன். மனநல டாக்டரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய் வந்த போலீஸ்காரரிடம் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “வீட்ல என்னய்யா பிரச்சினை?” என்றார் அன்பாக. உண்மையை இவ்வளவு பேரிடம் இவ்வளவு திருத்தமாக என் வாழ்க்கையில் நான் சொன்னதே கிடையாது. ஒருவர் கூட நம்பவில்லை.

பார்க்க வந்தவர்கள் இன்னும் மோசம். ஆரஞ்சுப் பழமும் ஆறுதலும் கொண்டு வந்தார்கள். எங்கள் சபைக் கமிட்டியில் இருக்கிற ஒருவர் கட்டிலோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு அப்பவே தெரியும். சும்மா சும்மா சிரிக்கியவனுக்க உள்ளுக்குள்ள தீயாக்கும் கெடக்கும்.”

“தீயெல்லாம் இல்ல. கருப்பட்டியாக்கும் கெடந்தது.”

“பாத்தியளா, பாத்தியளா!” என்று அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “இப்பவும் மறைக்கியாரு. ஜெபம் பண்ணுவோம்.”

நான் சொன்ன ஒவ்வொரு ஜோக்கும் எனக்கு எதிரான சாட்சியாக மாறியது. பஹ்ரைனிலிருந்து மகள் போன் செய்து, “அப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே” என்று தேம்பினாள். அவளைச் சிரிக்க வைக்க ஏதோ சொன்னேன். அவள் இன்னும் அழுதாள். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியதும், “பாருங்க, இப்பதான் துக்கம் வெளிய வருது” என்றார்கள்.

இவர்கள் எல்லோரும் என்ன நினைத்தாலும் எனக்குப் பெரிதில்லை. மனைவி என்ன நினைக்கிறாள் என்பதுதான் என்னைத் தின்றது. அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஏறுகிற சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துவிட்டுக் கத்தியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அன்று மத்தியானம் கேட்டாள். “நான் என்ன கொற வச்சேன்?”

“ஏட்டி, கர்த்தருக்கு முன்னால சொல்லுகேன். நான் இனிப்பு திருடித் தின்னேன். வேற ஒண்ணுமில்ல.”

“கொஞ்சம் வெளாட்டு நிறுத்துங்க. எனக்காவ ஒரு தடவை நிறுத்துங்க.” கும்பிடாத குறையாகச் சொன்னாள்.

விளையாட்டை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். நிறுத்தியது எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியவில்லை, ஏனென்றால் அவள் அதைப் பார்த்ததே இல்லை. ரத்தம் போவதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் படுக்கையிலேயே நான் போய்ச் சேர்ந்தால், தன்னை விட்டுவிட்டு வேண்டுமென்றே போனான் என்று நம்பிக்கொண்டு இவள் மிச்சக் காலம் இருப்பாளே. கல்லறைத் தோட்டத்தில் என் பக்கத்து இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் ‘நான் என்ன கொற வச்சேன்’ என்று கேட்பாளே.

என்ன கலவை என்று பார்ப்பதற்காக, டின்னையும் விஷத்தின் கவரையும் கொண்டு வரச் சொல்லியிருந்தாள் டாக்டர். மச்சினன் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டி எடுத்து வந்தான். அவன் முகம் செத்துப் போயிருந்தது. “அத்தான், நானாக்கும் கலக்கினது” என்று வாசலிலேயே நின்றான்.

“ருசியெல்லாம் நல்லாத்தான் இருந்தது மாப்ள. பயறு கொஞ்சம் கருகிப்போச்சு.”

அவன் சிரிக்காமல் அழுதான்.

டாக்டர் கையுறை போட்டு மூடியைத் திறந்தாள். மனைவி எட்டிப் பார்த்தாள். முக்கால்வாசி காலியான டின். உள்ளே மிச்சமிருந்தது கண்ணாடிபோல் சமமாக இருந்தது. ஓரத்தில் மட்டும் ஸ்பூனின் முதுகு பட்ட வளைவான தடம், பிறை நிலா மாதிரி. அவள் அப்படியே நின்றாள். முகத்தில் ஏதோ மெல்ல மெல்ல அவிழ்ந்தது.

“டாக்டரே,” என்றாள். “இவங்க சாவப் பாக்கல.”

டாக்டர் நிமிர்ந்தாள்.

“இவங்க திருடினதாக்கும். இஞ்ச பாருங்க, நெரவி வச்சிருக்காங்க. எப்பவும் இப்படித்தான். எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. நான் அள்ளி வச்சா மேடும் பள்ளமுமா கெடக்கும். இப்படி மெழுகினது மாதிரி இருந்தா இவங்க கைவச்சாச்சுன்னு அர்த்தம். வருஷா வருஷம் பாக்கியேன்.” அவள் விரலை டின்னுக்கு மேல் நீட்டினாள். “சாவப் போறவனுக்கு இது என்னத்துக்கு? சாவப் போறவன் எனக்குப் பயந்து எதுக்கு நெரவணும்?”

டாக்டர் டின்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைப் போட்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது.

எனக்கு உயிர் திரும்பியது அந்த நேரத்தில்தான். ஆனால் என் மனைவிக்கு அந்த நேரத்தில்தான் வேறொன்று போனது. டின்னின் வெளிப்பக்கம் அவள் கண்ணில் பட்டது. சிவப்பு மை. அவளுடைய எழுத்து. அவள் நகத்தால் அந்தக் காகிதத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். மச்சினன் கையைப் பிடிக்கும்வரை சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னாள். “இனிமேதான் கஷ்டமான பகுதி. அங்கிளுக்கு நல்லாயிட்ட மாதிரி இருக்கும். ஆனா விஷம் உள்ளே மாசக்கணக்கா இருக்கும். மாத்திரையை நிறுத்தினா ரத்தக்கசிவு திரும்பி வரும். நல்லா இருக்குன்னு தோணும்போதுதான் பயப்படணும்.”

வைட்டமின் கே என்பது ஒன்று என்று நினைத்திருந்தேன். அதிலும் ஜாதிகள் இருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது கே-ஒன்று. பக்கத்து மருந்துக்கடையில் வேறு ஒரு கே-யைத் தூக்கிக் கொடுத்து, “எல்லாம் ஒண்ணுதான்” என்றார்கள். டாக்டரிடம் காட்டினால், அது இந்த விஷத்துக்கு முன்னால் நிற்காது என்று திருப்பிவிட்டாள். மனைவியும் மச்சினனும் ரயிலேறித் திருவனந்தபுரம் போய் வாங்கி வந்தார்கள். அவள் வேளாவேளைக்கு மாத்திரையைக் கையில் வைத்து, நான் விழுங்கும்வரை நின்று, “நாக்கத் தூக்குங்க” என்று பார்த்துவிட்டுத்தான் நகருவாள். என்மேல் நம்பிக்கை இல்லாமல் செய்யவில்லை. அவளுக்கு அவள்மீதே நம்பிக்கை போய்விட்டது.

ஒரு நாள் பார்த்தால் சமையல்கட்டில் எந்த டப்பாவிலும் காகிதம் இல்லை. அத்தனையையும் ஊற வைத்து உரித்திருந்தாள். அன்று என் காப்பியில் உப்பு விழுந்தது. முழு டம்ளரையும் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவில் போய் நிற்க மாட்டேன் என்றாள். வேலை செய்யும்போது கீர்த்தனை முணுமுணுக்கிற பழக்கம் அவளுக்கு. அது நின்றுவிட்டது. என் கையில் இருந்த ஜோக்கையெல்லாம் எடுத்து வீசிப் பார்த்தேன். “எழுதினது நானாக்கும்” என்பாள். அதோடு முடிந்தது. சுவரில் அடித்த பந்து திரும்பி வரும். இது கிணற்றில் போட்டது போல.

ரத்தப் பரிசோதனை தொடர்ந்து நன்றாகவே வந்தது. டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்றாள். ஏதாவது தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள். குறைத்துச் சில நாள் கழிந்து ஒரு காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சமையல்கட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. மெதுவாக, சுருதி கொஞ்சம் இறங்கி. தேங்காய் துருவிக்கொண்டே பாடுகிறாள். நான் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தேன், நன்றாகக் கேட்பதற்காக.

பிரஷ் சிவப்பாக இருந்தது.

நான் அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். டாக்டர் அதைத்தானே சொன்னாள். ஆனால் கூப்பிட்டால் அந்தப் பாட்டு நின்றுவிடும். இவ்வளவு காலம் கழித்து வந்த பாட்டு. நாளை சொல்லலாம் என்று வாயைக் கொப்பளித்தேன். வாஷ்பேசினைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஓரத்தில் ஒரு கோடு நின்றது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மறுநாளும் அவள் பாடினாள். மறுநாளும் தேய்த்தேன். முழங்கையில் வந்த நீலத்தை முழுக்கைச் சட்டையால் மூடினேன். திருட்டு என் கைக்குப் பழகினது. இனிப்பைத் திருடியவனுக்கு ரத்தத்தை ஒளிக்கத் தெரியாதா?

அதற்கடுத்த காலை பாட்டு பாதியில் நின்றது. “இஞ்ச வாருங்க” என்று குளியலறை வாசலிலிருந்து கூப்பிட்டாள். போனேன். அவள் வாஷ்பேசினைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது விளம்பரத்தில் வருகிறது மாதிரி பளபளவென்று இருந்தது.

“இத யாரு கழுவினா?”

“நான்தான். ஒரு ஒதவியா இருக்கட்டுமேன்னு.”

“என்னக் கெட்டினது மொதல் இந்நாள்வரை நீங்க ஒரு வாஷ்பேசின் கழுவினதுண்டா?”

நான் துண்டை எடுத்து வாயைத் துடைத்தேன்.

“பல்லக் காட்டுங்க.”

காட்டினேன். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றி என் ஈறில் ஒற்றி எடுத்தாள். வெள்ளைக் கரையில் சிவப்பு ஊறிப் பரவியது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எத்தன நாளா?”

“நீ பாட ஆரம்பிச்ச அண்ணைக்குலேருந்து.”

அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

“நான் விஷம்னு எழுதினத நம்பாம தின்னிய. இப்ப நான் பாடினத நம்பி சாவப் பாத்தியளா?” என்றாள். “எனக்க மனசு நோவும்னு நீங்க செத்துப்போனா, பின்ன நான் எங்க போயிப் பாட?”

அவள் சொன்னதில் ஒரு ஜோக்குக்கான இடம் இருந்ததாகக் கூட எனக்குத் தோன்றவில்லை.

சட்டை மாற்றக்கூட விடாமல் ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் என் முழங்கையை, நீலம் இல்லாத இடமாகப் பார்த்து, பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த எண் திரும்பவும் ஏறியிருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் தலைக்குள் கசிந்திருக்கலாம் என்றாள் டாக்டர். அவளுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். “அங்கிள், இந்த மருந்து வேலை செய்யும். ஆனா நீங்க உண்மையைச் சொன்னாத்தான் வேலை செய்யும்” என்றாள். மறுபடி ஊசி. மாத்திரை பழைய அளவுக்குப் போனது, அதற்கு மேலும் போனது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி உரித்துப் போட்ட டப்பாக்களையெல்லாம் மேஜைமேல் எடுத்து வைத்து, திரும்பவும் காகிதம் வெட்டி, ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தாள். உப்பு. மல்லி. சோம்பு. கடைசியில் ஒரு சின்ன டப்பாவில் வெல்லம் போட்டு ‘வெல்லம்’ என்றே எழுதி, என் கண் படும் இடத்திலேயே வைத்தாள். “வேணும்னா கேட்டு எடுங்க. ஒரு துண்டு. இனி நான் ஒளிச்சு வைக்கவும் மாட்டேன், நீங்க திருடவும் வேண்டாம்.” பசை காய்வதற்காக ஊதிக்கொண்டே சொன்னாள்.

மாத்திரை நிறுத்துவதற்கு மாதங்கள் பிடித்தன. படிப்படியாகக் குறைத்து, குறைத்தபின் பார்த்து, பார்த்தபின் குறைத்து. இப்போது மாத்திரை இல்லை. போன தடவை பார்த்த எண்ணும் சரியாக இருந்தது. இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். எலிகள் என்னவாயின என்று யாரும் கேட்பதில்லை. நன்றாக இருக்கின்றன. அவற்றின் பங்கை நான் தின்றுவிட்டேனே.

டாக்டர் விட்டுவிட்டாலும் மனைவி விடவில்லை. நான் ஏதாவது சொன்னால் முன்பெல்லாம் உடனே சிரிப்பாள், அல்லது உடனே திட்டுவாள். இப்போது இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை வைத்திருக்கிறாள். என் சொந்த ஜோக்குக்கு நானே முதலில் சிரிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அப்படிச் சிரிக்கும்போது அவள் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, என் மேல்வரிசை ஈறைப் பார்க்கிறாள். பிறகு கீழ்வரிசை. நானும் அந்த ஜோக்குக்குத் தகுதியானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

பார்த்து முடித்த பிறகுதான் அவள் சிரிக்கிறாள்.